பச்சைக் கப்பலும் முத்தரப்புக் கோந்தும்

தபால்தலை சேகரிப்பில் அறிவியல் ஆராய்ச்சி வளர வேண்டும் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. மூன்று கருத்துக்கு இடம் இருந்தது. ஆகவே மூன்று அமைப்புகள் கூடி ஒரு கூட்டாண்மை அமைத்தன.

கூட்டாண்மை என்பது இப்போது வந்திருக்கும் நாகரிகம். முன்பெல்லாம் ஒரு வேலையை ஓர் அலுவலகம் தனியாகச் செய்யாமல் இருந்தது. இப்போது மூன்று அலுவலகங்கள் சேர்ந்து செய்யாமல் இருக்கின்றன. பாரம் மூன்றாகப் பிரிவதால் யாருக்கும் தோள் வலிப்பதில்லை.

முதல் கூட்டாளி தபால் தலைமை அலுவலகம். அவர்களிடம் கட்டடம் இருந்தது. இரண்டாவது கூட்டாளி காகிதம் மற்றும் பசை ஆய்வுக்கூடம். அவர்களிடம் ஓர் இயந்திரம் இருந்தது. ஒரு பொட்டுப் பசையை அதில் வைத்தால் அதன் ஜாதகத்தையே அச்சடித்துக் கொடுக்கும். வாங்கி இரண்டு வருடம் ஆகியும், ஒரு பொட்டு வைக்க ஆளில்லாமல் துணி போர்த்தி வைத்திருந்தார்கள். மூன்றாவது கூட்டாளி தபால்தலை சேகரிப்போர் சங்கம். அவர்களிடம் இருபத்து மூன்றாயிரம் தபால்தலைகள் இருந்தன. ஒவ்வொன்றையும் வெந்நீரில் ஊறவைத்து, உறையிலிருந்து உரித்து, பின்பக்கத்தில் பசை என்ற பேச்சுக்கே இடமில்லாமல் கழுவிக் காயவைத்து, ஆல்பத்தில் வைத்திருந்தார்கள். சுத்தம் விஷயத்தில் சங்கம் ரொம்பக் கண்டிப்பு.

புரிந்துணர்வு ஒப்பந்தம் பதினான்கு பக்கம். அதில் பதின்மூன்று பக்கம் மூன்று அமைப்புகளின் சின்னங்களும் எந்த வரிசையில், எந்த அளவில் அச்சிடப்பட வேண்டும் என்பது பற்றியது. பதினான்காம் பக்கத்தில், "மேலும், ஆராய்ச்சியும் மேற்கொள்ளப்படும்" என்று இருந்தது. கையெழுத்துப் போட்டார்கள். கோப்புகளை மாற்றிக்கொண்டார்கள். புகைப்படக்காரர் இன்னொரு தடவை என்று கேட்டபோது மறுபடியும் மாற்றிக்கொண்டதில் அவரவர் கோப்பு அவரவரிடமே திரும்பி வந்துவிட்டது. அதில் யாருக்கும் நஷ்டமில்லை. மூன்றும் ஒரே மாதிரிதான் இருந்தன.

பொதுமக்கள் தங்கள் ஆராய்ச்சிக் கேள்விகளை நேரில் தரலாம் என்று விளம்பரம் செய்தார்கள். பத்து மாதம் போயிற்று. ஒரு கேள்வியும் வரவில்லை. ஆண்டறிக்கையில் "பெறப்பட்ட கேள்விகள்" என்றொரு கட்டம் உண்டு. அது காலியாக இருந்தால் கூட்டாண்மையைக் கலைத்துவிடலாம் என்று பதின்மூன்று பக்கங்களில் எங்கேயோ ஒரு மூலையில் எழுதியிருந்தது. அதை யார் எழுதினார்கள் என்று விசாரிக்க ஒரு குழு போட்டிருந்த நேரத்தில்தான் கம்பவுண்டர் படியேறி வந்தார்.

மருத்துவமனை மருந்துப் பிரிவில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊருக்கெல்லாம் கம்பவுண்டர். மனைவியின் வீட்டாருக்கு மட்டும் வேறு பெயர். அங்கே அவர் "ஸ்டாம்பு ஒட்டாத மாப்பிள்ளை".

நாற்பது வருடத்துக்கு முன்னால் கல்யாணம் நிச்சயமானதும் பெண்ணுக்கு முதல் கடிதம் எழுதினார் மாப்பிள்ளை. ஒன்பது பக்கம். அது ஸ்டாம்பு இல்லாமல் போய்ச் சேர்ந்தது. பெண்ணின் அப்பா தபால்காரரிடம் இரண்டு மடங்கு கட்டணம் கட்டி வாங்கினார். "ஒன்பது பக்கம் எழுதத் தெரியுது, ஒரு ஸ்டாம்பு ஒட்டத் தெரியலையே" என்று அவர் ஒரு தடவைதான் சொன்னார். அவர் மகன் அதைப் பிடித்துக்கொண்டான். கல்யாணம், பிறந்தநாள், துக்கம், எந்தக் கூட்டத்திலும் அந்தக் கதை வரும். கம்பவுண்டரும் நாற்பது வருடமாக ஒரே பதிலைச் சொல்லி வந்தார். ஒட்டினேன். பசை சரியில்லை. வழியில் விழுந்துவிட்டது.

இப்போது அந்த மைத்துனர் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர் வேலையிலிருந்து ஓய்வு பெறப் போகிறார். அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை விருந்து. இருநூறு பேர் வருவார்கள். மைத்துனர் பேசுவார். பேசினால் ஸ்டாம்பு வரும். அதற்குள் அரசு முத்திரையோடு ஒரு காகிதம் கையில் இருந்தால் எழுந்து நின்று வாசித்துவிடலாம். கம்பவுண்டருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பிரிவு எழுத்தர் நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார். அந்த அலுவலகத்தில் பொதுமக்களுக்கு நாற்காலி போட்டது அதுதான் முதல் முறை.

"கேள்வியைச் சொல்லுங்க சார்."

"கப்பல் படம் போட்ட பச்சை ஸ்டாம்பு ஒண்ணு வந்துச்சே, நாப்பது வருஷத்துக்கு முன்னாடி. அதோட பசை ஒட்டுமா, ஒட்டாதா?"

"எதுக்காகக் கேக்கறீங்க?"

"குடும்ப விஷயம்."

"படிவத்துல தேசிய முக்கியத்துவம், சர்வதேச முக்கியத்துவம் ரெண்டுதான் இருக்கு. எதுல டிக் போட?"

கம்பவுண்டர் யோசித்தார். "வீட்டுக்காரியோட தம்பி வெளியூர்ல இருக்கான்."

"அப்ப சர்வதேசம்தான்." எழுத்தர் டிக் போட்டார். "மாதிரி வெச்சிருக்கீங்களா?"

கம்பவுண்டர் ஒரு மாத்திரை டப்பாவைத் திறந்தார். பட்டர் பேப்பரில் சுற்றி ஐந்து பச்சைக் கப்பல்கள். அன்றைக்கு ஆறு ஸ்டாம்பு வாங்கினார். ஒன்று கடிதத்துக்கு. கல்யாணம் ஆனபின் மனைவி பக்கத்திலேயே இருந்ததால் கடிதம் எழுதும் தேவை வரவில்லை. மீதி ஐந்தும் பசையோடு அப்படியே இருந்தன. ஆறு வாங்கி ஐந்து இருந்தால் ஒன்று எங்கேயோ ஒட்டப்பட்டது என்பது அவருடைய வாதம். எங்கே போயிற்று என்பது அவர் மனைவியின் வாதம்.

சங்கத்தின் இருபத்து மூன்றாயிரத்தில் பச்சைக் கப்பல் நூற்றுக்கு மேல் உண்டு. ஒன்றிலும் பசை இல்லை. ஆக, இந்த ஐந்தை விட்டால் ஆராய்ச்சி செய்ய வேறு பசையே கிடையாது.

எழுத்தர் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். கீழே ஒரு கட்டம். "மாதிரியை இங்கே உறுதியாக ஒட்டவும்."

"ஒட்டறதா? பசையைத்தானே சார் பாக்கணும்? ஒட்டிட்டா எப்படிப் பாப்பீங்க?"

"ஒட்டலைன்னா விண்ணப்பம் முழுமை பெறாது."

"ஒட்டுமா ஒட்டாதாங்கறதுதானே என் கேள்வி? அதுவே ஒட்டாம விழுந்துட்டா?"

"அந்தக் கவலையே உங்களுக்கு வேண்டாம்" என்று எழுத்தர் மேசை இழுப்பறையிலிருந்து அலுவலகக் கோந்துப் புட்டியை எடுத்தார். "இந்தக் கோந்து போட்டா மாடு கட்டி இழுத்தாலும் வராது." கம்பவுண்டர் கையை நீட்டுவதற்குள் ஸ்டாம்பின் முதுகில் தாராளமாகத் தடவி, கட்டத்தில் அழுத்தி, மேலே பேப்பர் வெயிட்டை வைத்தார். "இன்னும் ரெண்டு கொடுங்க. மூணு பிரதி. கூட்டாளிக்கு ஒண்ணு."

கம்பவுண்டர் கொடுத்தார். நாற்காலி போட்டவரிடம் எப்படி இல்லை என்பது?

முதல் பிரதி தபால் அலுவலகத்திலேயே தங்கியது. அங்கே ஸ்டாம்பு எதைக் கண்டாலும் வட்ட முத்திரை குத்துவது முப்பது வருடப் பழக்கம். குத்தினார்கள். கப்பல் மூழ்கியது. இரண்டாம் பிரதி சங்கத்துக்குப் போயிற்று. காகிதத்தில் ஒட்டிய ஸ்டாம்பைப் பார்த்ததும் சங்கத்துச் செயலாளருக்குக் கை துறுதுறுத்தது. ஆராய்ச்சிக்குத் தன்னாலான உதவியாக அதை வெந்நீரில் ஊறவைத்து, உரித்து, பளிச்சென்று கழுவிக் காயவைத்து, "நல்ல நிலையில் உள்ளது" என்று குறிப்பு எழுதி அனுப்பினார். மூன்றாம் பிரதி ஆய்வுக்கூடத்துக்குப் போயிற்று. இயந்திரத்தின் மேலிருந்த துணியை எடுத்தார்கள். எடுப்பதற்கு ஒரு விழா நடந்தது. அந்த விழாவில் வைக்க நான்காவது ஸ்டாம்பு வேண்டும் என்று ஆள் அனுப்பி வாங்கி, பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்தார்கள்.

ஐந்தாவதைக் கேட்டு மூன்று கடிதம் வந்தது. கம்பவுண்டர் கொடுக்கவில்லை. மாத்திரை டப்பாவைச் சட்டைப் பைக்கு மாற்றிக்கொண்டார்.

"அதை ஏன் இப்படிச் சுமந்துக்கிட்டுத் திரியறீங்க?" என்றாள் மனைவி. "நாக்குல தடவி ஒரு காகிதத்துல வெச்சா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும், ஒட்டுமா ஒட்டாதான்னு."

"அது அறிவியல் ஆகாதும்மா. நான் தடவினா நான் செஞ்சதுன்னு உன் தம்பி சொல்லுவான். மூணு ஆபீஸ் சேர்ந்து சொல்லணும்."

"ஒரு ஆபீஸ் சொன்னாலே நம்ப முடியாது. மூணு சேர்ந்தா நம்பிடலாமா?"

கம்பவுண்டர் சட்டைப் பையின் பொத்தானைப் போட்டுக்கொண்டார். நாகரிகம் புரியாதவர்களிடம் என்ன பேசுவது?

விருந்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஆய்வு முடிவுக் கூட்டம் நடந்தது. நீள மேசை. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தண்ணீர்ப் புட்டி, ஒரு பெயர்ப் பலகை. கம்பவுண்டருக்கு முன்னால் "கேள்வி" என்று ஒரு பலகை வைத்திருந்தார்கள்.

ஆய்வுக்கூட இயக்குநர் எழுந்தார். "பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். மாதிரியில் உள்ள பசை, மைதா மாவும் மயில்துத்தமும் சேர்த்துக் காய்ச்சப்பட்டது. இன்றைக்கும் இந்தக் கட்டடத்தில் பயன்படும் அலுவலகக் கோந்தின் சேர்மானமும் இதுவேதான். நாற்பது ஆண்டுகளாகத் தரம் இம்மியும் மாறவில்லை. ஒட்டும் திறன் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு."

கைதட்டினார்கள். தபால் அதிகாரி எழுந்து நின்றே தட்டினார்.

"ஐயா" என்றார் கம்பவுண்டர். "அது ஸ்டாம்பு பசை இல்லீங்க. இவரு தடவின கோந்து." எழுத்தரைக் கையால் காட்டினார். "புட்டியிலேர்ந்து எடுத்து என் கண்ணு முன்னாடி தடவினாருங்க."

தபால் அதிகாரி எழுத்தரைப் பார்த்தார். "தடவினீங்களா?"

"கோப்பைப் பார்த்துத்தான் சார் சொல்லணும்." எழுத்தர் கோப்பைப் புரட்டினார். ஒரு பக்கம் விடாமல் பார்த்தார். "தடவியதாகக் குறிப்பு எதுவும் இல்லை சார்."

"கோப்பில் இல்லாதது நடக்கவில்லை" என்றார் அதிகாரி, கனிவாக. "நீங்க தப்பா நினைக்கக் கூடாது. கேள்வி கேட்டவரையே நாங்க நம்ப ஆரம்பிச்சா அப்புறம் ஆராய்ச்சி எதுக்கு?"

"அப்ப என் ஸ்டாம்பு ஏன் விழுந்துச்சு?"

நியாயமான கேள்வி. பசை தொண்ணூற்றெட்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறது. காகிதத்தில் குறையில்லை என்று ஆய்வுக்கூடம் சொல்கிறது. ஸ்டாம்பு நல்ல நிலையில் உள்ளது என்று சங்கம் எழுதியே கொடுத்திருக்கிறது. இத்தனையும் சரியாக இருந்து ஸ்டாம்பு விழுந்தது என்றால், மிச்சம் இருப்பது ஒன்றுதான். எல்லோரும் மெல்ல கம்பவுண்டரின் வாயைப் பார்த்தார்கள்.

"நாக்கு" என்றார் இயக்குநர், புதிய கண்டம் ஒன்றைக் கண்டுபிடித்தவர் குரலில்.

மறுநாள் பத்திரிகைக் குறிப்பு வெளியானது. "தபால்தலை விழுவதற்குப் பசை காரணமல்ல. பொதுமக்களின் உமிழ்நீர்ப் பற்றாக்குறையே காரணம். முத்தரப்பு ஆய்வில் தகவல்." ஆய்வுக் கட்டுரைக்குப் பதினேழு ஆசிரியர்கள். ஓய்வு பெற்ற மருந்துப் பிரிவு ஊழியர் ஒருவரின் வறண்ட நாக்கு முதல் நிகழ்வாகப் பதிவாகியிருக்கிறது என்றும், தகுந்த கருவி கிடைத்ததும் இரண்டாம் கட்டமாகப் பொதுமக்களின் நாக்குகள் அளக்கப்படும் என்றும் அதில் இருந்தது.

வாசித்துவிட்டுக் கம்பவுண்டர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. விருந்துக்கு வரவில்லை என்றார். மனைவி, "வராம இருந்தா இன்னும் ரெண்டு கதை சேர்த்துச் சொல்லுவான். சட்டையை மாத்துங்க" என்றாள்.

விருந்து பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு வாடகைக் கூடத்தில். ஓட்டுநர், நடத்துநர், உறவுக்காரர்கள் என்று இருநூறு பேர். ஆறரை மணிக்குப் பேச்சு என்றால் மைத்துனர் ஆறரைக்கு எழுந்தார். தொழில் அப்படி. முப்பது வருட சேவையைப் பற்றி நான்கு நிமிடம் பேசினார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்தார்.

"எங்க அத்தான் வந்திருக்காரு. எல்லாருக்கும் தெரியும், ஸ்டாம்பு ஒட்டாத மாப்பிள்ளை. இத்தனை வருஷமா பசை சரியில்லை, பசை சரியில்லைன்னாரு. இப்ப மூணு ஆபீஸ் சேர்ந்து ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்கு. அத்தான் நாக்குல ஈரமே இல்லையாம்!"

கூடம் சிரித்தது. பின்வரிசையில் ஒரு நடத்துநர் விசில் அடித்தார். கம்பவுண்டர் தண்ணீர்க் குவளையை எடுத்தார். எடுத்தபின், குடித்தால் அதற்கும் சிரிப்பார்களே என்று கீழே வைத்தார்.

அப்போது மனைவி எழுந்தாள்.

"டேய், நிறுத்து. ஸ்டாம்பு ஒட்டலைன்னு நான் சொல்லலாம். கட்டிக்கிட்டவ நான். நாக்கு வறண்டவர்னு சொல்ல அந்த ஆபீஸ்காரன் யாரு? அவன் இவரோட ஒரு நாள் குடும்பம் நடத்தியிருக்கானா?"

"அக்கா, பேப்பர்ல போட்டிருக்கான்..."

"போட்டா? நாளைக்கு உனக்கு வால் இருக்குன்னு போடுவான். திரும்பி நின்னு காட்டுவியா?" கணவரிடம் கையை நீட்டினாள். "எடுங்க அந்த டப்பாவை."

"வேண்டாம்மா. இது ஒண்ணுதான் இருக்கு."

"எடுங்கங்கறேன்ல."

கம்பவுண்டர் எடுத்தார். கடைசிப் பச்சைக் கப்பலை அவள் வாங்கினாள். மேசையிலிருந்த ஓர் அன்பளிப்பு உறையைக் காலி செய்து தம்பியிடம் காட்டினாள். இருநூறு பேர் பார்க்க ஸ்டாம்பை நாக்கில் தடவி, உறையின் மூலையில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தினாள். "எண்ணுடா நேரக் காப்பாளரே. ஒரு நிமிஷம்."

மைத்துனர் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். ஒரு வினாடி கூட விட்டுக்கொடுக்கவில்லை.

அவள் விரலை எடுத்தாள். உறையின் முதுகு கூட்டத்தைப் பார்த்து இருந்தது. முகம் அவளையும் அவள் பக்கத்தில் நின்ற கம்பவுண்டரையும் பார்த்து இருந்தது.

ஒட்டியிருந்தது. நான்கு மூலையும் படிந்து, ஒரு சுருக்கம் இல்லாமல், அச்சாபீசிலேயே உறையோடு சேர்த்து அச்சடித்ததுபோல ஒட்டியிருந்தது. நாற்பது வருடம் கழித்தும் அந்தப் பசைக்கு ஒரு குறையும் இல்லை. இவ்வளவு நேரம் கம்பவுண்டர் பக்கம் நின்று அலுவலகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த நாமும் இந்த இடத்தில் கொஞ்சம் தொண்டையைக் கனைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கம்பவுண்டரின் முகம் சுண்டிப்போயிற்று. அவள் அவரை ஒரு முறை பார்த்தாள். பிறகு உறையைச் சாய்ப்பதுபோலச் சாய்த்து, கட்டைவிரல் நகத்தை ஸ்டாம்புக்கு அடியில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினாள். கப்பலின் பின்பாதி உறையிலேயே தங்க, முன்பாதி பறந்து போய்த் தரையில் விழுந்தது.

"பாத்துக்கோ" என்றாள். "ஒரு நிமிஷம் முழுசா அழுத்தினேன். விழுந்துடுச்சு. பாதிதான் வந்திருக்குன்னா, அவ்வளவு மட்டமான காகிதம்." மிச்சத்தோடு உறையை மடித்துக் கைப்பைக்குள் போட்டாள்.

கூடம் தட்டிய தட்டில் கூரைத் தகரம் அதிர்ந்தது. மைத்துனர் அரைக் கப்பலைக் குனிந்து எடுத்துப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அத்தான், நாப்பது வருஷம் உங்களை... மன்னிச்சுடுங்க அத்தான்" என்று இருநூறு பேர் முன்னால் கட்டிக்கொண்டார். கம்பவுண்டர் மரம்போல நின்றார். அவர் ஆசைப்பட்டது எல்லாம் கிடைத்துவிட்டது.

வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் கம்பவுண்டர் காலி மாத்திரை டப்பாவைத் திறந்து திறந்து மூடினார்.

"ஒட்டிச்சே" என்றார் கடைசியில்.

"ம். நல்லாத்தான் ஒட்டிச்சு."

"உனக்குக் கடிதம் போட்ட அன்னைக்கு ஆஸ்பத்திரிக்காக மருந்துக் கம்பெனிக்கும் ஒண்ணு போட வேண்டியிருந்துச்சு. ரெண்டையும் ஒண்ணாத்தான் எடுத்துக்கிட்டுப் போனேன்." டப்பாவைப் பைக்குள் போட்டார். "அதுக்கு ஸ்டாம்பு தேவையில்லை. ஆஸ்பத்திரி முத்திரை இருந்துச்சு."

"அதுல ஒட்டியிருப்பீங்க."

"இருக்கும்."

"கம்பெனிக்காரன் மேல உங்களுக்கு அவ்வளவு பிரியம்" என்று அவள் டிக்கெட்டை மடித்தாள். "விடுங்க. தம்பிகிட்ட நான் சொல்ல மாட்டேன். என்கிட்ட நீங்க மாட்டிக்கிட்டீங்க, அது போதும் எனக்கு."

ஒரு வாரம் கழித்து மூன்று சின்னங்கள் போட்ட நீள உறையில் ஒரு கடிதம் வந்தது. கம்பவுண்டர் உடைத்துப் பார்த்தார். அவருக்கு இல்லை. மனைவிக்கு.

விருந்துக்கு வந்திருந்த யாரோ நடந்ததைப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். பொதுமக்கள் முன்னிலையில் அம்மையார் நடத்திய செய்முறை ஆய்வு கூட்டாண்மையின் கவனத்துக்கு வந்திருப்பதாகவும், முந்தைய முடிவு மறுபரிசீலனையில் இருப்பதாகவும், அம்மையாரை நான்காவது கூட்டாளியாகவும் ஆலோசகராகவும் ஏற்றுக்கொள்வதில் மூன்று அமைப்புகளும் மகிழ்வதாகவும் எழுதியிருந்தது. ஆராய்ச்சி என்றால் என்ன என்பதை முறையாக அறிந்தவர் என்று பாராட்டும் இருந்தது. அந்த ஒரு வரியில் மட்டும் கூட்டாண்மை தவறு செய்யவில்லை என்று சொல்ல வேண்டும்.

"போகப் போறியா?" என்று கேட்டார் கம்பவுண்டர்.

"போகாம? நாற்காலி போடுவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?" அவள் பேனாவைத் திறந்து, வெள்ளைத் தாளைத் தடவிச் சமன் செய்தாள். "வெள்ளிக்கிழமைக்குள்ள இரண்டாம் கட்ட ஆராய்ச்சியோட முடிவை எழுதி அனுப்பணுமாம். எதைப் பத்தின ஆராய்ச்சிங்கறதை அடுத்த மாசம் கூடிப் பேசிச் சொல்றாங்களாம்."